ஐம்பது சதவீத வரியும் ஒரு பனியன் கம்பெனியும்: ஒரு நிகழ்வு ஆய்வு (2025 ஏப்ரல் – டிசம்பர்)

இதை எழுதக் காரணம்

திருப்பூரில் நடுத்தர அளவிலான ஒரு ஏற்றுமதி யூனிட். அதன் கணக்கையும் ஏற்றுமதி ஆவணங்களையும் பதினோரு வருடமாக நான் பார்த்து வருகிறேன். 2025-ல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு விதித்த கூடுதல் வரி அந்த யூனிட்டை எப்படித் தாக்கியது, நாங்கள் என்ன முடிவெடுத்தோம், எதில் தப்பினோம், எதில் தவறினோம் என்பதை உரிமையாளரின் சம்மதத்தோடு பதிவு செய்கிறேன். பெயர்கள் இல்லை. ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். யூனிட்டின் தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன். வரி விகிதங்களும் தேதிகளும் அப்படியே இருக்கின்றன.

இதே நிலையில் மாட்டிய சிறு யூனிட்டுகள் ஊரில் ஏராளம். இப்போது எழுதி வைக்காவிட்டால் அடுத்த முறையும் இதே தவறுகளைத்தான் செய்வோம் என்ற கவலையில் எழுதுகிறேன்.

பின்னணி

உரிமையாளர் கட்டிங் மாஸ்டராக வேலை பார்த்தவர். 2006-ல் பன்னிரண்டு மெஷினோடு ஜாப் ஒர்க், அதாவது மற்றவர்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற வேலை, ஆரம்பித்தார். அது நல்ல காலம். உலக ஆடை வணிகத்தில் நாட்டுக்கு இவ்வளவு என்று முப்பது வருடத்துக்கு மேல் இருந்து வந்த கோட்டா முறை 2005 ஜனவரி 1-ம் தேதியோடு முடிந்திருந்தது. தரமும் விலையும் சரியாக இருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்ற நிலை முதல் முறையாக வந்தது. திருப்பூர் பெரிதாக வளர்ந்தது அந்த நம்பிக்கையில்தான்.

2012-ல் அவர் நேரடி ஏற்றுமதிக்கு வந்தார். அதற்கு முந்தைய வருடம் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, நூல் இருந்தும் சாயம் போட இடமில்லாமல் அலைந்திருக்கிறார். பணமதிப்பு நீக்கம், ஜி.எஸ்.டி., கொரோனா, 2022-ன் நூல் விலை உயர்வு என்று எல்லாவற்றையும் கடந்தவர். சங்கங்கள் கூடி இரண்டு நாள் கடையடைத்த 2022 மே மாதத்தில்கூட சனிக்கிழமைச் சம்பளத்தை அவர் தள்ளிப்போட்டதில்லை. மெஷின் வாங்கத் தெரிந்தவர், ஆள் சேர்க்கத் தெரிந்தவர். ஒப்பந்தத்தைப் படிக்கிற பழக்கம் மட்டும் இல்லை. எனக்கும் அந்தப் பழக்கம் போதுமான அளவு இருக்கவில்லை.

2025 தொடக்கத்தில் 85 மெஷின். மஸ்டர் ரோலில், அதாவது யூனிட்டின் தொழிலாளர் வருகைப் பதிவேட்டில், 140 பேர். விற்பனையில் எழுபது சதவீதம் ஒரே அமெரிக்க பையருக்குப் போனது. அவர் பெரிய கடைச் சங்கிலிகளுக்குச் சரக்கு கொடுக்கிற இறக்குமதியாளர். மிச்சம் இத்தாலிக்கும் பிரிட்டனுக்கும். ஒரே பையரிடம் எழுபது சதவீதம் வைத்திருப்பது ஆபத்து என்று இரண்டு வருடம் முன்பே சொல்லியிருந்தேன். சொன்னேனே தவிர வற்புறுத்தவில்லை. பணம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, அதனால் விட்டுவிட்டோம்.

முக்கியமான ஸ்டைல் ஒன்று: 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்) பருத்தி டி-ஷர்ட், முன்பக்கம் பிரிண்ட். எஃப்.ஓ.பி. விலை, அதாவது கப்பலில் ஏற்றிக் கொடுக்கும் வரைக்குமான விலை, 3 டாலர். எல்லாச் செலவும் போக, டிராபேக் (ஏற்றுமதிக்கு அரசு திருப்பித் தரும் வரி) வகையறா சலுகைகளையும் சேர்த்து, ஒரு பீஸில் நின்றது ஏறத்தாழ 11 ரூபாய்.

ஏப்ரல்: சந்தோஷத்தில் செய்த தவறு

ஏப்ரல் 2-ம் தேதி அதிபர் டிரம்ப் நாடுவாரியாக வரிப்பட்டியல் அறிவித்தார். நம் ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. காலையில் யூனிட்டுக்குப் போனால் உரிமையாளர் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்: இந்தியா 26, வங்கதேசம் 37, இலங்கை 44, வியட்நாம் 46, கம்போடியா 49.

"பார்த்தீங்களா சார், எல்லாத்துக்கும் கம்மி நமக்குத்தான். இனி ஆர்டர் இங்கதான் வரும்" என்றார்.

ஊர் முழுக்க அன்று அதே பேச்சு. தப்பென்று சொல்ல முடியாது, கணக்குப்படி அது சரியாகவே இருந்தது. ஆனால் அது அன்றைய கணக்கு. ஒருவருடைய கையெழுத்தில் வந்த எண் இன்னொரு கையெழுத்தில் போய்விடும் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. ஒரு வாரத்தில், ஏப்ரல் 9-ம் தேதி, சீனா தவிர மற்ற நாடுகளுக்கு அந்த வரி 90 நாள் நிறுத்தி வைக்கப்பட்டது. எல்லோருக்கும் பொதுவாக 10 சதவீதம் மட்டும் நின்றது.

அந்த மாதம் இரண்டு முடிவுகள் எடுத்தோம். முதலாவது, கடனில் 22 புது மெஷின். ஆர்டர் குவியப்போகிறது, ஆள் சேர்ப்பதற்கு முன்பே மெஷின் தயாராக இருக்கட்டும் என்பது காரணம். இரண்டாவது, பையர் கேட்ட தள்ளுபடி. 10 சதவீத வரியில் ஒரு பங்கை நீங்களும் சுமக்க வேண்டும் என்றார். 3 டாலர் 2 டாலர் 90 சென்டாகக் குறைந்தது. அந்தப் பத்து சென்ட் கிட்டத்தட்ட 8 ரூபாய் 60 காசு. பதினொன்று ரூபாய் லாபம் இரண்டு ரூபாய்ச் சொச்சமாகிவிட்டது. அளவு கூடும்போது சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தோம்.

இந்தத் தள்ளுபடி வாட்ஸ்அப்பில் பேசி, வாட்ஸ்அப்பிலேயே முடிந்தது. எத்தனை மாதத்துக்கு, எந்த ஆர்டருக்கு, வரி போனால் விலை திரும்புமா, எதுவும் எழுதவில்லை. அதுதான் புது விலையாக நிலைத்துவிட்டது.

ஆகஸ்ட்: இரண்டு அடி

ஜூலை கடைசியில் இந்தியாவுக்கு 25 சதவீதம் என்று அறிவித்தார்கள். ஆகஸ்ட் 7-ம் தேதி அமலுக்கு வந்தது. வங்கதேசம், வியட்நாம், இலங்கைக்கு 20. பாகிஸ்தான், இந்தோனேசியா, கம்போடியாவுக்கு 19. ஏப்ரலில் எழுதிய தாள் தலைகீழாகிவிட்டது. அது அமலாவதற்கு முந்தின நாளே, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதற்காக இந்தியாவுக்கு மேலும் 25 சதவீதம் என்று இன்னொரு உத்தரவு. அது ஆகஸ்ட் 27 முதல்.

அன்று இரவு உரிமையாளர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டோம். கணக்குப் புத்தகம் எழுதுவது அவர் மனைவி. பேனா அவர் கையில் இருந்தது. பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் வழக்கமாகவே 16.5 சதவீத வரி உண்டு. கூடுதல் வரி அதன் தலையில் ஏறும். அமெரிக்கச் சுங்கம் எஃப்.ஓ.பி. மதிப்பின் மேல்தான் வரி போடும் என்பதால் கணக்கு எளிது.

வங்கதேசத்திலிருந்து அதே 2.90 டாலர் சட்டை போனால் மொத்த வரி 36.5 சதவீதம், இறக்குமதியாளருக்கு அடக்கம் 3 டாலர் 96 சென்ட். ஆகஸ்ட் 7-ம் தேதி விகிதத்தில் நம் சட்டைக்கு 41.5 சதவீதம், 4 டாலர் 10 சென்ட். பையரிடம் மூன்றரை சதவீதம் இறங்கினால் சமமாகிவிடும். வலிக்கும், ஆனால் தாங்கலாம். ஆகஸ்ட் 27-க்கு அப்புறம் 66.5 சதவீதம், 4 டாலர் 83 சென்ட். வங்கதேசத்துக்குச் சமமாக நிற்க வேண்டுமானால் நம் விலை 2 டாலர் 38 சென்டாக இறங்க வேண்டும். பதினெட்டு சதவீதம். ஒரு பீஸுக்கு 45 ரூபாய்.

அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, "நூல்காரருக்கும் சாயக்காரருக்கும் கொடுக்கிறதக் குறைக்க முடியாது. டைலருக்குக் கொடுக்கிறதே மொத்தமா நாப்பத்தஞ்சு வராதே, எங்கிருந்துங்க குறைக்கிறது?" என்றார். அதற்கு மேல் அன்று பேச ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வங்கதேசத்தைத் திட்டுவது ஊரில் எளிதாக இருந்தது. ஆனால் தமிழ்நாட்டு நூற்பாலைகளின் நூலும் அங்கே போகிறது. இந்திய நூலில் அங்கே தைத்த சட்டைக்கு அன்று கூடுதல் வரி 20 சதவீதம், அதே நூலில் இங்கே தைத்த சட்டைக்கு 50. உறுப்பு நாடுகளுக்கு இடையே வேறுபாடு காட்டாமல் வரி விதிப்பது என்பது 1947-ல் காட் என்ற உலக வணிக ஒப்பந்தத்தில் எழுதி வைத்த முதல் விதி. அதை மீறினால் முறையிட வேண்டிய உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வு, புது உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால் 2019 டிசம்பரிலிருந்து இயங்கவில்லை. திருப்பூர் டைலருக்கும் டாக்கா டைலருக்கும் நடுவே எந்தச் சண்டையும் இல்லை. அவர்களுக்கு மேலே இருந்த விதி உடைந்துபோனது.

அன்று கையில் இருந்தவை

ஆகஸ்ட் 7 காலை பையரின் மின்னஞ்சல் வந்தது. தயாராக இருக்கும் சரக்கைப் பன்னிரண்டு சதவீதத் தள்ளுபடியோடு அனுப்புங்கள், மற்றதை நிறுத்தி வையுங்கள் என்றது. அப்போது யூனிட்டில் இருந்த நிலவரம்:

முதல் ஆர்டர் 18,000 பீஸ், பெட்டி கட்டி முடிந்தது. இரண்டாவது 42,000 பீஸ், கிறிஸ்துமஸ் டி-ஷர்ட். நெஞ்சில் கலைமான் படம் பிரிண்ட் ஆகி, பாதி தையலில், பாதி வெட்டிய துண்டுகளாக. மூன்றாவது 60,000 பீஸுக்கான துணி, ஐந்து நிறத்தில் சாயம் போட்டு வந்த 13 டன் ரோல். நான்காவதுக்கு நூல் மட்டும் வாங்கியிருந்தது. அதை ஒரு நூல் வியாபாரி கிலோவுக்கு ஆறு ரூபாய் நட்டத்தில் எடுத்துக்கொண்டார், அந்தக் கதை அங்கே முடிந்தது.

ஆர்டர் தாளின் நான்காம் பக்கத்தை அன்றுதான் முழுதாகப் படித்தோம். சரக்கு கப்பலேறும் முன் எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யும் உரிமை பையருக்கு இருந்தது. எங்கள் ஏற்றுமதிக் காப்பீட்டு பாலிசி கப்பலேறிய சரக்குக்கு மட்டும். தையலில் இருப்பதற்கு அதில் ஒரு ரூபாய் வராது.

முதல் முடிவு: கப்பலா, விமானமா

அந்த வாரம் ஊரில் ஒரு பேச்சு பரவியது. "27-ம் தேதிக்குள்ள கப்பல்ல ஏத்திட்டா பழைய வரிதான்." லாரிகள் தூத்துக்குடிக்கு ஓடின. உரிமையாளரும் கன்டெய்னர் பதிவு செய்யச் சொல்லிவிட்டார்.

உத்தரவை இறக்கிப் படித்தேன். அந்தப் பேச்சு பாதி விதிதான். ஆகஸ்ட் 27 அமெரிக்க கிழக்கு நேரம் நள்ளிரவு 12.01-க்குள் கப்பலில் ஏற்றியிருக்க வேண்டும் என்பது ஒரு பாதி. அந்தச் சரக்கு செப்டம்பர் 17-க்குள் அமெரிக்கச் சுங்கத்தில் பதிவாகியிருக்க வேண்டும் என்பது இன்னொரு பாதி. இரண்டுக்கும் நடுவே 21 நாள். தூத்துக்குடியிலிருந்து ஃபீடர் என்ற சிறு கப்பலில் கொழும்பு, அங்கிருந்து தாய்க் கப்பல் என்று போகிற சரக்கு எங்கள் அனுபவத்தில் ஐந்து வாரத்துக்குக் குறைந்து போய்ச் சேர்ந்ததில்லை. ஆகஸ்ட் பத்துக்கு மேல் ஏற்றுகிற பெட்டிக்கு அந்தச் சலுகை பெயருக்குத்தான்.

கன்டெய்னரை ரத்து செய்தோம். விமானக் கட்டணம் கேட்டால் பீஸுக்கு 58 ரூபாய். தப்பிக்கிற 25 சதவீத வரி பீஸுக்கு 63 ரூபாய். கட்டணத்தில் பாதியை நீங்கள் ஏற்றால் பழைய விலையிலேயே விமானத்தில் அனுப்புகிறோம் என்று பையருக்கு எழுதினோம். ஒத்துக்கொண்டார். எங்கள் பங்கு 5 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய். அவர் கேட்ட பன்னிரண்டு சதவீதத் தள்ளுபடியில் கப்பலில் அனுப்பியிருந்தாலும் 5 லட்சத்து 40 ஆயிரம் போயிருக்கும். பணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் விமானக் கட்டணம் ஒரு முறை போகிற செலவு. விலையைக் குறைத்து இன்வாய்ஸ் போட்டால் அடுத்த ஆர்டர் அந்த விலையில்தான் ஆரம்பிக்கும். ஏப்ரலில் அதைக் கற்றிருந்தோம். ஆகஸ்ட் 18 கொச்சியிலிருந்து ஏறி, 22-ம் தேதி அங்கே சுங்கம் முடிந்தது. இந்த ஒன்பது மாதத்தில் முழு மனதோடு சரி என்று சொல்லக்கூடிய முடிவு இது ஒன்றுதான்.

இரண்டாவது முடிவு: கலைமான் சட்டைகள்

தைப்பதை நிறுத்திவிடலாம் என்றேன் நான். நிறுத்தினால் வெட்டிய துண்டுக்கு வேஸ்ட் விலைதான் கிடைக்கும், தைத்துவிட்டால் உள்ளூர் மொத்தச் சந்தையான காதர்பேட்டையிலாவது விலை உண்டு என்றார் உரிமையாளர். அவர் சொன்னது சரி. தைத்து முடிக்க பீஸுக்கு 45 ரூபாய் ஆகும், முடித்த பீஸுக்கு எப்படியும் எண்பது கிடைக்கும். என் யோசனையில் ஒன்றை மட்டும் ஏற்றார்: கழுத்து லேபிளும் விலைச்சீட்டும் போட வேண்டாம், மடித்து அப்படியே வைப்போம். 60,000 பீஸ் துணியில் கத்தரி வைக்க வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து.

ஆகஸ்ட் 29-ம் தேதி அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த வரிகளை விதிக்க அவசரநிலைச் சட்டம் அதிபருக்கு அதிகாரம் தரவில்லை என்று தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் போக அவகாசம் கொடுத்ததால் வரி தொடர்ந்தது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. நாளைக்கு இந்த வரி செல்லாது என்றாகி, கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் அது யாருக்குப் போகும்? கட்டியவர் என்று பெயர் பதிவாகியிருக்கிற இறக்குமதியாளருக்கு. அவருக்காக விலையைக் குறைத்துக்கொண்ட திருப்பூர்க்காரர் பெயர் அந்த நாட்டுச் சுங்கத் தாளில் எங்கேயும் இருக்காது.

செப்டம்பர் முதல் வாரம் பையர் இறங்கி வந்தார். கிறிஸ்துமஸுக்கு அவருக்கும் சரக்கு வேண்டும். 24,000 பீஸ் எடுக்கிறேன், பதினைந்து சதவீதம் குறையுங்கள், மற்ற 18,000 ரத்து என்றார். ஒத்துக்கொண்டோம், இரண்டு வாசகங்களை எழுத்தில் கேட்டு. ஒன்று, இந்த விலை இந்த ஆர்டருக்கு மட்டும். இன்னொன்று, வரி திரும்பக் கிடைத்தால் நாங்கள் குறைத்த தொகையை எங்களுக்குத் தர வேண்டும். முதலில் மறுத்தார். நான்கு நாள் கழித்து, குறைத்ததில் பாதி என்று கையெழுத்திட்டு அனுப்பினார். ரத்து செய்த 18,000 பீஸை லேபிள் இல்லாமல் இந்தியாவுக்குள் விற்றுக்கொள்ளவும் அதே கடிதத்தில் அனுமதி வாங்கினோம்.

அந்த 18,000-ம் காதர்பேட்டைக்குப் போனது. 235 ரூபாய் அடக்கமான சட்டை 82 ரூபாய்க்கு. நட்டம் 27 லட்சத்துக்கு மேல். வாங்கிய வியாபாரி ஒரு சட்டையை விரித்துப் பிடித்து, தையலை இழுத்துப் பார்த்து, "மால் தங்கமா இருக்குதுங்க" என்றார். உரிமையாளர் பதில் சொல்லாமல் வெளியே வந்துவிட்டார். தீபாவளிக்கு முந்தைய வாரம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சின்னப் பையன் அந்தக் கலைமான் சட்டையைப் போட்டுக்கொண்டு போனதைப் பார்த்ததாக அப்புறம் ஒரு நாள் என்னிடம் சொன்னார்.

என் கணக்கில் விட்டுப்போனவர்கள்

இந்த ஆய்வில் எனக்கு இன்னும் ஆறாத பகுதி இது.

ஆகஸ்ட் 11-ம் தேதி தொழிலாளர் நிலை பற்றி ஒரு தாள் தயாரித்தேன். 140 பேர். ஒன்றரை ஷிப்டை ஒரு ஷிப்டாகக் குறைத்தால் யாரையும் நிறுத்தாமல் நவம்பர் வரை ஓட்டலாம் என்று அதில் இருந்தது. உரிமையாளரும் நிம்மதியானார். ஒருவரையும் அனுப்பவில்லை என்று நாங்கள் இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

பிசிறு வெட்டுவதும் செக்கிங்கும் கான்ட்ராக்ட். காங்கயம் பக்கம் இரண்டு ஊரிலிருந்து 18 பெண்கள் வேனில் வருவார்கள். பீஸ் கணக்கில் கூலி. அவர்கள் பெயர் கான்ட்ராக்டர் நோட்டில்தான் இருந்தது, மஸ்டர் ரோலில் இல்லை. என் தாள் மஸ்டர் ரோலைப் பார்த்துப் போட்டது. ஒரு ஷிப்ட் ஆனதும் பீஸ் குறைந்தது. வேன் வாடகை கட்டுப்படியாகவில்லை என்று கான்ட்ராக்டர் ஆகஸ்ட் 23, சனிக்கிழமை, கணக்கு முடித்துப் பதினெட்டுப் பேரையும் நிறுத்திவிட்டார். எங்களிடம் சொல்லவுமில்லை. சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடும் இல்லை.

27-ம் தேதி விநாயகர் சதுர்த்தி. இந்திய நேரப்படி காலை 9.31-க்குப் புது வரி அமலாகிறது. யூனிட் வாசலில் பிள்ளையாருக்குப் பூஜை. அவர்களில் ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா பஸ் ஏறி வந்து கும்பிட்டுவிட்டு ஓரமாக நின்றார். பிசிறு வெட்டும் டிரிம்மர் இன்னும் பையில் இருந்தது. திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார்.

"ஏனுங்க சார், நாங்க ஏதாச்சும் பிசிறு விட்டுட்டமுங்களா? செக்கிங்ல ரிஜெக்ட் ஆயிருச்சுங்களா?"

வேலை போனதற்குத் தன் கையில்தான் ஏதோ குறை என்று நான்கு நாளாக அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அமெரிக்கா, ரஷ்யா, எண்ணெய் என்று நான் விளக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன். "இல்லீங்கம்மா, உங்க வேலைல ஒரு குறையும் இல்ல" என்பதை மட்டும் சொன்னேன். அவருக்குத் தெரிய வேண்டியதும் அதுதான்.

சட்டப்படி இந்த வரியைக் கட்டுபவர் இறக்குமதியாளர். அவர் எங்களிடம் தள்ளினார், நாங்கள் கான்ட்ராக்டரிடம் தள்ளினோம், அவர் வேனை நிறுத்தினார். யாரிடம் ஒரு தாள்கூட இல்லையோ அங்கே போய்த்தான் அது கடைசியில் இறங்கியது.

செப்டம்பர் முதல் டிசம்பர் வரை

மூன்றாவது ஆர்டரின் துணியில் கறுப்பு, நேவி, சாம்பல் மூன்றும் உதவின. 8 டன். பிரிட்டன் பையர் 9,000 பீஸ் சோதனை ஆர்டர் கொடுத்தார். ஜூலை 24-ம் தேதி கையெழுத்தான இந்திய-பிரிட்டன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தால் ஆடைக்கு வரி இருக்காது என்பதை மனதில் வைத்து, இப்போதே சப்ளையரைப் பார்த்து வைக்கிறார். மீதி ஒரு உள்நாட்டு பிராண்டுக்குப் போனது. கடுகு மஞ்சளும் பவளச் சிவப்பும் யாருக்கும் வேண்டாம். அந்த 5 டன்னில் இரண்டு டன் குழந்தைகள் உடைக்காகக் கிலோ விலையில் போனது. மூன்று டன் ரோலாகவே இருக்கிறது.

பருத்தி மீதான 11 சதவீத இறக்குமதி வரியை மத்திய அரசு ஆகஸ்ட் 19 முதல் நிறுத்தி, பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தது. நல்ல நடவடிக்கைதான். ஆனால் அந்தக் காலத்தில் எங்களுக்கு நூல் வாங்கவே தேவை இருக்கவில்லை. நவம்பரில் வந்த ரிசர்வ் வங்கியின் நிவாரணம்தான் உண்மையில் கை கொடுத்தது. செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான தவணைகளைத் தள்ளிப்போட வழி கிடைத்தது, ஏற்றுமதிக் கடனை அடைக்கும் காலமும் நீண்டது. இரண்டு மாதம் முன்பே வந்திருந்தால் தீபாவளி போனஸுக்கு உரிமையாளர் மனைவியின் நகை வங்கிக்குப் போயிருக்காது. சட்டப்படியான 8.33 சதவீதத்தைத் தீபாவளிக்கு நான்கு நாள் முன்பே கொடுத்துவிட்டார்கள். போன வருடம் கொடுத்ததைவிடக் குறைவு. யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட மனது கொஞ்சம் லேசாகியிருக்கும் என்றார் உரிமையாளர்.

ஒடிசாவிலிருந்து வந்த 40 பேர் தீபாவளிக்கு ஊருக்குப் போனார்கள். ஒரு ஷிப்ட் வருமானத்தில் இங்கே வாடகை கொடுத்து மிச்சம் பிடிக்க முடியாது என்பதால் பாதிப் பேர் திரும்பவில்லை. உள்ளூர் ஆட்களிலும் சிலர் வேறு யூனிட்டுக்கு, சிலர் வேறு தொழிலுக்கு. டிசம்பர் கடைசியில் மஸ்டர் ரோலில் 96 பேர்.

டிசம்பர் 31 நிலவரம்

அமெரிக்கப் பங்கு எழுபதிலிருந்து முப்பத்தைந்து சதவீதத்துக்கு வந்திருக்கிறது. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, மொத்த விற்பனையே சுருங்கியதில் வந்த விகிதம் அது. அறிந்த நட்டம் 40 லட்சத்தைத் தாண்டுகிறது, கிடங்கில் இருக்கும் துணியைச் சேர்க்காமல். 22 புது மெஷினும் பாலிதீன் உறை பிரிக்காமல் நிற்கின்றன. தவணை ஜனவரியிலிருந்து மறுபடி ஓடும்.

எதை மாற்றிச் செய்வோம்

ஏப்ரல் மெஷின் கடனை வாங்கியிருக்கக் கூடாது. கூடுதல் ஆர்டர் கையில் வருவதற்கு முன், ஒரு வரிப்பட்டியலை மட்டும் நம்பி மூலதனம் போட்டோம். இன்று வேறு நாட்டுக்கு அதிக வரி, நமக்குக் குறைவு என்று செய்தி வந்தால் அதை ஆர்டர் பேச மட்டும் பயன்படுத்த வேண்டும், கடன் வாங்க அல்ல.

தள்ளுபடிக் கடிதத்துக்கு இப்போது ஒரு படிவம் வைத்திருக்கிறோம். எந்த ஆர்டர், எத்தனை நாள், எந்த வரியைக் காரணமாக வைத்து, வரி குறைந்தால் அல்லது திரும்பினால் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். வாட்ஸ்அப்பில் பேசலாம், முடிவு மட்டும் அந்தப் படிவத்தில். ரத்து விதியையும் மாற்றக் கேட்கிறோம்: துணி வெட்டிய பிறகு ரத்து செய்தால் அடக்கத்தில் ஒரு பங்கு தர வேண்டும் என்று. பிரிட்டன் பையர் ஒத்துக்கொண்டார். அமெரிக்க பையர் இன்னும் பதில் சொல்லவில்லை. சிறு யூனிட் தனியாகக் கேட்டால் கிடைக்காத விஷயம் இது, நாலைந்து யூனிட் சேர்ந்து ஒரே வாசகத்தைக் கேட்க வேண்டும். அந்த முயற்சி ஆரம்ப நிலையில் இருக்கிறது.

வாய்ப்பேச்சாக வருகிற விதியை நம்பாமல் மூல உத்தரவை ஒருவர் படித்தே ஆக வேண்டும். ஊரில் பலர் அந்த 21 நாள் கணக்கைப் பார்க்காமல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் பெட்டி ஏற்றினார்கள். கப்பல் ஏறியது, வரியும் முழுதாக விழுந்தது.

அப்புறம் தொழிலாளர் தாள். இனி அதில் மஸ்டர் ரோலோடு கான்ட்ராக்டர் நோட்டும், வேன் பட்டியலும் சேரும். நவம்பர் மாதத்திலிருந்து பிசிறும் செக்கிங்கும் கான்ட்ராக்ட் இல்லை, யூனிட்டே நேரடியாக எடுத்துக்கொண்டது. பதினெட்டுப் பேருக்கும் சொல்லி அனுப்பினோம். 11 பேர் வந்தார்கள், மேலே சொன்ன 96-ல் அவர்களும் சேர்த்தி. பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் போட்டாயிற்று. மற்ற ஏழு பேரில் மூவர் நூறு நாள் வேலைக்கும் ஒருவர் காங்கயத்தில் ஒரு தேங்காய்க் களத்துக்கும் போய்விட்டதாகத் தெரிகிறது. மூவரைப் பற்றித் தகவல் இல்லை. டிரிம்மரைத் திருப்பிக் கொடுக்க வந்த அம்மா வந்த 11 பேரில் ஒருவர்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் நவம்பர் 5-ம் தேதி இந்த வரி வழக்கில் வாதங்களைக் கேட்டது. இந்தக் குறிப்பை முடிக்கும் டிசம்பர் 31 வரை தீர்ப்பு வரவில்லை. அந்த இரண்டு வாசகங்களோடு பையர் கையெழுத்திட்ட கடிதம் கலைமான் ஆர்டரின் கோப்பில் முதல் தாளாக இருக்கிறது. வரி திரும்பினால் அதில் எங்களுக்கு வர வேண்டியது ஏறத்தாழ 4 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். அதில் ஒரு பங்கை ஆகஸ்ட் 23-க்கும் நவம்பருக்கும் நடுவே அந்தப் பதினெட்டுப் பேரும் இழந்த கூலிக்காகத் தர வேண்டும் என்று உரிமையாளரின் மனைவி கோப்பு அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதி, பதினெட்டுப் பெயரையும் கீழே குறித்து வைத்திருக்கிறார்.